உப்புக் காற்றில் தொட்டிக் காய்கறி: இராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கான கேள்வி பதில்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலை ஒட்டிய ஊர்களில் மாடி வீட்டில் குடியிருந்துகொண்டு, பால்கனியில் நாலு தொட்டி வைத்துக் கீரையும் காயும் பறிக்க விரும்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். மண்டபத்தில் முதல் மாடியில் இருந்துகொண்டு பல ஆண்டுகள் செடி வளர்த்ததில் கற்றவையே இவற்றில் பெரும்பகுதி. மாடித்தோட்டம் பற்றிய அறிவுரைகள் பலவும் நல்ல தண்ணீர் உள்ள ஊர்களை நினைத்து எழுதப்பட்டவை. நம் கரையில் செடியைக் கொல்வது வறட்சி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் பெரும்பாலும் அதைக் கொல்வது உப்பு.

போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிறது. அப்படியிருந்தும் தொட்டியில் காய்கறி வளருமா?

வளரும். ஆனால் எந்தச் செடியும் வளரும் என்று சொல்ல மாட்டேன். நிலத்தில் வளரும் செடிக்கு மழை பெய்தால் உப்பு கீழே இறங்கிப் போக வழி உண்டு. வேரும் ஆழத்தில் நல்ல ஈரத்தைத் தேடிப் போகும். தொட்டியில் அந்த இரண்டு வழிகளும் இல்லை. நாம் ஊற்றும் தண்ணீரைச் செடி குடித்துக்கொள்கிறது, வெயில் மீதியை உறிஞ்சிக்கொள்கிறது, அதில் கரைந்திருந்த உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. ஒரு மாதம் நன்றாக இருந்த செடி இரண்டாம் மாதத்தில் இலை நுனி கருகி நிற்பதற்குக் காரணம் இதுதான். நான் முதல் ஆண்டில் பீன்ஸும் முள்ளங்கியும் போட்டுவிட்டு, வாடுகிறதே என்று மேலும் மேலும் போர்த் தண்ணீரையே ஊற்றினேன். ஊற்ற ஊற்ற அவை இன்னும் வேகமாகக் கருகின. மண்ணில் உப்பு மிகுந்துவிட்டால் ஈரம் இருந்தும் வேரால் அதை இழுக்க முடிவதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் எவ்வளவு உப்பு என்பதை வீட்டிலேயே எப்படி அறிவது?

தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைக் காட்டும், பேனா அளவில் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று போதும். பாசன நீருக்கான பொதுவான வழிகாட்டுதலின்படி, ஒரு லிட்டரில் கரைந்த உப்பு 450 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலை இல்லை; 450 முதல் 2000 வரை இருந்தால் செடியைத் தேர்ந்து வளர்க்க வேண்டும்; 2000ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரைத் தனியாகப் பயன்படுத்தக் கூடாது. மழைக்காலம் முடிந்த தை மாதத்தில் ஒரு முறையும், கடும் கோடையான வைகாசியில் ஒரு முறையும் அளந்து பாருங்கள். ஒரே குழாயின் அளவு இந்த இரண்டு மாதங்களிலும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால், அது வெளியே தள்ளும் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பலரிடம் உள்ளது. உள்ளே போகும் தண்ணீரின் உப்பெல்லாம் திரண்டு வருவது அந்தக் குழாயில்தான். நம் ஊர் போர்த் தண்ணீரை அதில் சுத்திகரிக்கிறவர்கள் அந்தக் கழிவைத் தரை கழுவ வைத்துக்கொள்ளலாம், தொட்டிக்கு வேண்டாம்.

அதிகம் கவனிக்காமலே தாக்குப்பிடிக்கும் செடிகள் எவை?

முதலிடத்தைக் கொத்தவரைக்குக் கொடுப்பேன். மண்ணின் உப்பை மின்கடத்தும் திறனாக அளந்து, எந்த அளவுக்குமேல் பயிரின் விளைச்சல் குறையத் தொடங்குகிறது என்று வேளாண் அறிவியலில் வரையறுத்திருக்கிறார்கள். மீட்டருக்கு டெசிசீமன் என்ற அலகில் பீன்ஸுக்கு அது 1.0, வெங்காயத்துக்கும் முள்ளங்கிக்கும் 1.2, மிளகாய்க்கு 1.5, தக்காளிக்கு 2.5, தட்டைப்பயறுக்கு 4.9, கொத்தவரைக்கு 8.8. பீன்ஸ் தாங்குவதைப்போல எட்டு மடங்குக்கும் மேலான உப்பைக் கொத்தவரை தாங்குகிறது. வெயிலுக்கும் அது அஞ்சுவதில்லை. ஒரு பையில் மூன்று விதை ஊன்றினால், இரண்டு மாத அளவில் காய் பறிக்கத் தொடங்கலாம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஆறேழு பைகள் வைத்தால் வாரம் ஒரு பொரியலுக்குக் கிடைக்கும்.

அடுத்தது தட்டைப்பயறு. காராமணி என்று கடையில் விற்கும் நீளக் காய் வகையும் இதன் இனமே. அவரைக் குடும்பம் என்பதால் தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பங்கைக் காற்றிலிருந்தே வேர் முடிச்சுகளின் வழியாகத் தேடிக்கொள்ளும். உரம் போட மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது.

கீரைகளில் தண்டுக்கீரையும் அரைக்கீரையும் நம்பிக்கையானவை. அரைக்கீரையை ஒரு முறை விதைத்து, ஒரு மாதத்தில் அடியில் நான்கு விரல் விட்டு அறுத்தால், மீண்டும் மீண்டும் தழைக்கும். தரையோடு படரும் பருப்புக்கீரை உப்பை நன்றாகவே தாங்கும். சதைப்பற்றான இலை என்பதால் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் வாடாது. கொடிப்பசலையையும் கோவைக்காயையும் தண்டு ஒடித்து நட்டால் போதும். கோவைக் கொடி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருக்கும். காய்க்கும் நல்ல கொடி வைத்திருக்கும் வீட்டிலிருந்து தண்டு வாங்குங்கள், ஏனெனில் விதையிலிருந்து வருவது ஆண் கொடியாகவும் போய்விடலாம்.

மிளகாய் வேண்டுமென்றால் நம் மாவட்டத்தின் குண்டு மிளகாயை வையுங்கள். முண்டு என்று அழைக்கப்படும் இந்த வகை, முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் வானம் பார்த்தே விளைகிறது. 2023ஆம் ஆண்டில் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டில் வாங்கி வைத்திருக்கும் நல்ல வற்றலை உடைத்தாலே விதை கிடைக்கும். இந்தச் செடிகள் புதியவை அல்ல. நம் கிராமத்து வீடுகளின் கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் தானாக நின்றவையே இவற்றில் பாதி.

தக்காளி, கொத்தமல்லி, பீன்ஸ், கேரட் இவற்றை வளர்க்கவே முடியாதா?

தக்காளி முடியும், ஆனால் ஐப்பசியிலிருந்து மாசி வரைதான். இரவும் புழுக்கமாக இருக்கும் மாதங்களில் பூ பூக்கும், காயாகாமல் உதிரும். அதைப் பூச்சி என்று நினைத்து மருந்து தெளிக்க வேண்டாம். கொத்தமல்லியை மார்கழி, தை மாதங்களில், மழை நீரோ வேறு நல்ல தண்ணீரோ இருந்தால் மட்டும் விதைக்கலாம். பீன்ஸையும் கேரட்டையும் சந்தையில் வாங்கிக்கொள்வதே நல்லது என்பது என் முடிவு.

எந்த வகைத் தொட்டி இந்த ஊருக்கு ஏற்றது?

தகர டின்னை விட்டுவிடுங்கள். பாம்பன் பாலத்து இரும்பையே அரிக்கும் காற்று இது. டின் ஓர் ஆண்டுக்குள் பொத்தலாகி, துருவும் மண்ணும் கீழ் வீட்டுச் சுவரில் வடியும். மண் தொட்டி வேருக்குக் குளிர்ச்சி தரும் என்றாலும் எடை மிகுதி, ஈரமும் விரைவில் காயும். புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி தயாரித்த குரோ பேக் என்னும் செடிப் பை, பெயிண்ட் வாளி, பாதியாக அறுத்த நீல டிரம் ஆகியவை இங்கு நன்றாக உழைக்கின்றன. கீரைக்கு ஒரு சாண் ஆழம் போதும். கொத்தவரை, மிளகாய், கத்தரி போன்றவற்றுக்குப் பதினைந்து முதல் இருபது லிட்டர் கொள்ளளவு வேண்டும். முருங்கை வைக்க ஆசைப்பட்டால் பெரிய டிரம் தேவைப்படும். அதைப் பால்கனியில் வைக்காமல் மொட்டை மாடியில் சுவரோரமாக வையுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு தொட்டி, மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டி. இராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் ஓரம் உடைந்த பெட்டிகள் எளிதில் கிடைக்கும். வெப்பத்தை உள்ளே விடாததால் சித்திரை வெயிலிலும் அதில் கீரை வேர் வேகாது; எடையும் இல்லை. ஆனால் இரண்டு காரியங்களைச் செய்யாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துக் கழுவி மீன் உப்பைப் போக்க வேண்டும். வெளிப்புறத்தில் சிமெண்ட் பாலோ சுண்ணாம்போ பூச வேண்டும். இல்லையென்றால் வெயிலில் பொடிந்து உருண்டை உருண்டையாக உதிர்ந்து, காற்றில் பறந்து கடலுக்கே போய்ச் சேரும். உடையத் தொடங்கியதும் அதை ஒரு சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் சேருங்கள்.

அடியில் வடிகாலுக்காகப் பவளக் கல் போடும் பழக்கம் கரையோர வீடுகளில் இன்னும் சில இடங்களில் உண்டு. பவளப்பாறைகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. கரையில் கிடந்தாலும் எடுக்கக் கூடாது. அது சுண்ணாம்புக் கல் என்பதால் மண்ணின் காரத்தன்மையையும் கூட்டிவிடும். உடைந்த ஓடும் செங்கல் சில்லும் போதும்.

மண் கலவையை எப்படிச் செய்வது?

செம்மண், தென்னை நார்க் கழிவு, மக்கிய எரு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குச் சேர்த்தால் போதும். இதில் ஏமாறும் இடம் நார்க் கழிவு. தென்னை மட்டையிலேயே உப்பு உண்டு. மட்டையை உவர் நீரில் ஊறவைத்திருந்தால் இன்னும் கூடும். கட்டியை வாங்கி வந்ததும் நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, அந்தப் பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இப்படி மூன்று முறை செய்யுங்கள். மூன்றாம் முறை பிழிந்த தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தால், ஊற்றிய தண்ணீரின் அளவை அது நெருங்கியிருக்க வேண்டும்.

எருவில் ஆட்டு எரு நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். புழுக்கையை அப்படியே போடாமல், நிழலில் குவித்து ஈரம் காட்டி இரண்டு மூன்று மாதம் மக்கவிட்டுப் போடுங்கள். கடற்கரை மணலை எக்காரணம் கொண்டும் கலக்க வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு, எப்படி ஊற்ற வேண்டும்?

இந்தப் பக்கம் முழுவதிலும் மிக முக்கியமான விடை இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தினமும் கொஞ்சமாகத் தெளிப்பது உப்புத் தண்ணீருக்குப் பொருந்தாத முறை. அந்தத் தண்ணீர் மேல்மண்ணிலேயே நின்று காய்ந்து உப்பை விட்டுச் செல்கிறது. அதற்குப் பதிலாக, மண்ணில் விரலை இரண்டு கணு அளவு நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியாகத் தண்ணீர் வடியும் வரை நிதானமாக ஊற்றுங்கள். ஊற்றியதில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை வடிய வேண்டும். வடிந்து போகும் அந்தத் தண்ணீர் வீணாகவில்லை. தொட்டியின் உப்பைச் சுமந்துகொண்டு போகிறது. ஆகவே அடித்தட்டில் தேங்கும் நீரைத் திரும்பச் செடிக்கு ஊற்றவும் கூடாது, தொட்டி அதில் ஊறி நிற்கவும் கூடாது. தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைத்து, தட்டைத் தனியாக எடுத்துக் கொட்டும்படி அமைத்துக்கொண்டால் கீழ்வீட்டாரோடு மனவருத்தமும் வராது.

அடியில் நீர்த்தேக்கம் வைத்துத் திரி வழியாகச் செடியே தண்ணீர் எடுத்துக்கொள்ளும் தொட்டிகளைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நல்ல தண்ணீருக்கு அவை அருமையானவை. உவர் நீரில், தண்ணீர் எப்போதும் கீழிருந்து மேலே ஏறுவதால், உப்பு மேலே சேர்ந்துகொண்டே போகும். வடிந்து வெளியேற வழியே இல்லை.

மண்ணின் மேல் வெள்ளைப் பூப்பு தெரிந்தால், அந்த மேல்மண்ணை ஒரு விரல் ஆழம் சுரண்டி எடுத்து எறிந்துவிட்டு, புது எருவால் நிரப்புங்கள். காய்ந்த இலை, நறுக்கிய பனை ஓலை, வைக்கோல் எதையாவது மண்மேல் மூடாக்காகப் போட்டால் ஆவியாதல் குறையும். உப்பு மேலே ஏறுவதும் குறையும்.

நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும்? ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அனேகமாக இல்லை. நம் கரையின் ஈரக் காற்றில் அது ஓர் இரவில் வாளியை நிரப்பும் அளவுக்குக்கூடச் சொட்டும். காவிரிக் கூட்டுக் குடிநீரைக் குழாயிலிருந்து நேரே செடிக்கு ஊற்ற எனக்கு மனம் வருவதில்லை. எத்தனையோ ஊரில் குடத்தோடு காத்திருந்து பிடிக்கும் தண்ணீர் அது. ஆனால் அரிசியும் காயும் கழுவிய பிறகு அதே தண்ணீரைச் செடிக்குக் கொடுக்கலாம். மழை நீருக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர் மாடியில் ஐம்பது மில்லிமீட்டர் பெய்யும் ஒரு நாள் மழை ஐயாயிரம் லிட்டர். அதில் இருநூறு லிட்டரை மூடியுள்ள டிரம்மில் பிடித்து வைத்தாலும், விதை முளைக்கும் பருவத்துக்கு மட்டும் கொடுத்து வரலாம்; செடி உப்புக்கு மிகவும் அஞ்சுவது அந்தப் பருவத்தில்தான்.

காற்றில் வரும் உப்பை என்ன செய்வது?

தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று வைகாசி முதல் ஆவணி வரை மன்னார் வளைகுடாக் கரையைப் பதம் பார்க்கும். வாடைக் காலத்தில் பாக் நீரிணைக் கரைக்கு அந்த முறை வரும். இலையின் கடலைப் பார்த்த பக்கம் மட்டும் ஓரம் கருகியிருந்தால் அது காற்று உப்பின் வேலை. எல்லாப் பக்கமும் நுனி கருகினால் வேரில் உப்பு சேர்ந்திருக்கிறது. காற்று பலமாக வீசிய மறுநாள் அதிகாலையில் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள். போர்த் தண்ணீரால் கழுவினால் பயனில்லை.

தடுப்பாகத் தகரமோ பிளாஸ்டிக் தாளோ கட்டினால், காற்று அதன்மேல் ஏறி மறுபக்கம் சுழன்று விழுந்து செடியை முறிக்கும். பாதி காற்றை விட்டுப் பாதியைத் தடுப்பதே நல்ல தடுப்பு. ஐம்பது விழுக்காட்டு நிழல்வலையோ, இடைவெளி விட்டு முடைந்த பனை ஓலைத் தட்டியோ கட்டுங்கள். கொடி ஏற்றப் பழைய மீன்வலை மிக நன்று. ஆனால் கண்ணி பெரிதாக உள்ள தடித்த வலையை விறைப்பாகக் கட்டுங்கள். மெல்லிய நைலான் வலை தொய்வாகத் தொங்கினால் அணிலும் சிட்டும் சிக்கிக்கொண்டு துடிக்கும்.

புயல் எச்சரிக்கை வந்தால் தொங்கும் தொட்டிகளையும் கைப்பிடிச் சுவர்மேல் உள்ளவற்றையும் தாமதிக்காமல் கீழே இறக்கி வையுங்கள்.

வடக்குப் பார்த்த பால்கனியில் வெயில் வருமா?

வரும், ஆண்டில் நான்கு மாதங்களுக்கு மேல். நம் ஊர் ஏறத்தாழ 9 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரைப் பிறப்பை ஒட்டிச் சூரியன் உச்சிக்கு வந்து, அதன்பின் ஆவணி நடுப்பகுதி வரை வட பக்கமாகவே சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில் வடக்குப் பால்கனிக்கு வெயில்; மீதி மாதங்களில் தெற்குப் பால்கனிக்கு. ஆகவே மழைக்காலக் காய்கறிக்குத் தெற்கும் கிழக்கும் பொருந்தும். கீரைக்கு நான்கு மணி நேர வெயில் போதும், காய்ப்பவற்றுக்கு ஆறு மணி நேரம் வேண்டும். மேற்குப் பால்கனியில் கொத்தவரையைத் தவிர வேறெதற்கும் பிற்பகலில் நிழல்வலை தேவைப்படும்.

எப்போது விதைப்பது?

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பெரியவர்கள் சொல். ஆனால் நம் கரையில் ஆடியில் மழை மிகக் குறைவு, கச்சான் மட்டும் உண்டு. வடகிழக்குப் பருவமழையை நம்பிய நம் மாவட்டத்தில் வயல் விதைப்பே புரட்டாசியை ஒட்டித்தான் நடக்கிறது. தொட்டிக்கும் அதுவே பொருந்தும். புரட்டாசியில் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுவிட்டு ஐப்பசியில் நடுங்கள். கொத்தவரையையும் தட்டைப்பயறையும் மாசிக்குப் பிறகும் போடலாம்.

மீன் கழிவும் கடற்பாசியும் உரமாகுமா?

இரண்டும் ஆகும், உப்பைக் கழுவினால். மீன் குடலையும் செவுளையும் நல்ல தண்ணீரில் அலசி, சம எடை வெல்லத்தோடு கலந்து, மூடிய கலத்தில் மூன்று நான்கு வாரம் வைத்து வடிகட்டினால் மீன் அமிலம் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து முதல் பத்து மில்லிலிட்டர் கலந்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை மாலையில் ஊற்றுங்கள். கருவாட்டுக் கழிவை எந்த வடிவிலும் தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கடற்பாசியில் சாம்பல் சத்து மிகுதி. கரை ஒதுங்கியதை மட்டும் எடுத்து, மூன்று தண்ணீரில் அலசி, மற்ற சருகோடு மக்கவிட்டுச் சேருங்கள். தீவுகளுக்குப் போய்ப் பறிக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன.

மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் வந்தால்?

தொடக்கத்திலேயே கண்டால் பழைய பல்துலக்கியால் தேய்த்து நீக்கலாம். மீறினால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் கரைய வைப்பதற்குச் சில துளி சோப்புக் கரைசலும் சேர்த்து, வெயில் தாழ்ந்த பின் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். எறும்பு ஏறும் செடியில் மாவுப்பூச்சி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். எறும்பு அதைக் காவல் காக்கிறது.

ஒரு வாரம் ஊருக்குப் போகவேண்டி வந்தால்?

தொட்டிகளை நெருக்கமாக நிழலில் சேர்த்து வைத்து, நன்றாக நனைத்து, கனமாக மூடாக்குப் போடுங்கள். கொத்தவரை, பருப்புக்கீரை, கோவை ஆகியவை தாங்கும். கீரைப் பெட்டியை அறுத்துவிட்டுப் போனால் அதுவும் தாங்கும். தட்டுகளில் தண்ணீர் நிற்கும்படி வைத்துவிட்டுப் போகக் கூடாது. ஒரு வாரம் பத்து நாளில் அதில் கொசு பெருகிவிடும்.

அறுவடை முடிந்த பழைய மண்ணை மீண்டும் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் கோடை முழுதும் போர்த் தண்ணீர் குடித்த மண்ணில் நேரடியாக விதைக்காதீர்கள். ஆவணியில் செடிகளை அறுத்து எடுத்துவிட்டு, வேரையும் கட்டியையும் உடைத்துக் கிளறி, பைகளின் அடித்துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்து, திறந்தபடி மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வரிசையாக வையுங்கள். முதல் இரண்டு கனமழை அவற்றின்மேல் பெய்யட்டும். இரண்டாம் மழை ஓய்ந்தபின் பையின் அடியில் சொட்டும் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து மீட்டரை வையுங்கள். 1000க்குக் கீழே இறங்கியிருந்தால், மூன்றில் ஒரு பங்கு புது எருவைக் கலந்து அன்றைக்கே கீரை விதையைத் தூவலாம். இறங்கவில்லையென்றால் இன்னொரு மழைக்கு விட்டுவையுங்கள்.